கீறல் விழுந்த வில்லை



சபுராளிகளாகக் கடல் கடந்து சென்ற முன்னோரைப் பெற்ற குடும்பங்களில், அவர்கள் கொண்டுவந்த பொருள்களுள் ஒன்றிரண்டேனும் இன்றும் எஞ்சியிருக்கும். ஒரு வீட்டில் பீங்கான் தட்டு. இன்னொரு வீட்டில் சாவி கொடுத்தால் ஓடும் சுவர்க்கடிகாரம். அபூர்வமாகச் சில வீடுகளில் ஒரு மடிப்புக் காமிராவும் இருக்கக் காணலாம். கையடக்கமான கறுப்புப் பெட்டி அது. பொத்தானை அழுத்தினால் முன்கதவு திறந்துகொள்ளும்; லென்ஸ் என்னும் வில்லை ஒரு துருத்தியின் முனையில் முன்னே வந்து நிற்கும். மூடினால் மீண்டும் பெட்டிக்குள் அடங்கிவிடும்.

அத்தகைய காமிரா ஒன்று உங்களிடம் இருந்து, அதன் வில்லை பழுதுபட்டிருந்தால் என்ன செய்வீர்கள்? வில்லையை மாற்றிவிடலாம் என்று ஒருவர் சொல்வார். தேய்த்து மெருகேற்றலாம் என்று வேறொருவர் சொல்வார். அலமாரியில் அலங்காரமாக வைத்துவிடுங்கள் என்பார் மூன்றாமவர். இம்மூன்று அறிவுரைகளையும் கேட்டவன் நான். இவற்றுள் எதையும் ஏற்பதற்கு முன்னால், பழுது உண்மையில் எங்கே இருக்கிறது என்று கண்டறிய வேண்டும் என்பதே என் அனுபவம் எனக்குக் கற்பித்த பாடம். அதனை உங்களுடன் பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

மதரஸாவில் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுப்பவனுக்குக் காமிராவோடு என்ன உறவு என்று சிலர் வியக்கலாம். உருவப்படம் பற்றிய மார்க்கச் சட்ட விளக்கத்திற்குள் நான் இங்கே புகவில்லை. அறிஞர் பெருமக்கள் அதுபற்றிப் பலவாறு கூறியுள்ளனர். நான் சொல்லவந்தது ஒரு கண்ணாடித் துண்டின் கதை. அதனோடு பின்னிக் கிடந்த ஒரு தாயின் மனச்சுமையின் கதை.

பாட்டனாரின் காமிரா

என் தாயாரின் தந்தை, நாங்கள் 'அப்பா' என்றழைத்த மர்ஹூம் பாட்டனார், பினாங்கில் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கெழுதி வந்தவர். மூன்றாண்டுகளுக்கு ஒருமுறை 'ரஜூலா' கப்பலில் நாகப்பட்டினம் வந்து இறங்கி, சில மாதங்கள் ஊரில் தங்கிவிட்டுத் திரும்புவார். 1954ஆம் ஆண்டு ஊருக்கு வந்தபோது அவர் கையில் இருந்தது ஜெய்ஸ் ஐகான் நிறுவனத்தின் 'நெட்டார்' என்னும் மடிப்புக் காமிரா.

அந்த நிறுவனம் 1926ஆம் ஆண்டு ஜெர்மனியில் நான்கு காமிராத் தொழிலகங்கள் ஒன்றிணைந்து உருவானது. அந்நால்வருள் ஒன்றான காண்டெஸா நெட்டல் என்பதன் பெயரிலிருந்தே 'நெட்டார்' என்னும் பெயர் பிறந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஸ்டுட்கார்ட் நகரிலிருந்து வெளிவந்த நெட்டார் காமிராக்கள், பெரும் பணக்காரர்களுக்காக அன்றி, நடுத்தர வருவாயினருக்காகச் செய்யப்பட்டவை. 120 என்னும் அகலமான பிலிம் சுருளில், ஆறு சென்டிமீட்டர் சதுரத்தில் பன்னிரண்டு படங்கள் எடுக்கலாம். நிறுவனம் 1972இல் காமிரா உற்பத்தியை நிறுத்திவிட்டது. ஆயினும் அந்த அளவுப் பிலிம் இன்றும் தயாராகிறது என்பதால், இக்காமிராக்கள் இன்றளவும் உயிரோடிருக்கின்றன.

பாட்டனாரின் காமிராவில் இருந்தது 'நோவார்' என்னும் வில்லை. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு ஒரே கண்ணாடியாகத் தோன்றும். உள்ளே மூன்று கண்ணாடிகள் உள்ளன. முன்னும் பின்னும் இருப்பவை ஒளியைக் குவிப்பவை. நடுவில் இருப்பது ஒளியை விரிப்பது. இரண்டு நல்லவர்களுக்கு இடையில் ஒரு முரண்டுக்காரர் இருப்பதுபோல் தோன்றினாலும், முன்னவர் இருவரும் செய்யும் பிழைகளைத் திருத்துபவர் அந்த நடுவரே. இந்த மூவர் கூட்டமைப்பை 1893ஆம் ஆண்டு வகுத்தவர் டென்னிஸ் டெய்லர் என்னும் ஆங்கிலேயர். யார்க் நகரில் தொலைநோக்கி செய்துவந்த குக் நிறுவனத்தில் பணியாற்றியவர் அவர். பின்னாளில் எத்தனையோ எளிய காமிராக்களின் கண்ணாக அமைந்தது இந்த மும்மணி வில்லையே.

"அந்தக் கண்ணாடி வேணாம்"

பாட்டனார் 1983இல் காலமானார். காமிரா எங்கள் கடற்கரையூர் வீட்டு மரப்பெட்டியில் கிடந்தது. 2023ஆம் ஆண்டு, துபாயிலிருந்து விடுமுறையில் வந்த என் தம்பி அதனை வெளியே எடுத்து, "காக்கா, இதை ஓட வச்சுப் பார்ப்போமே" என்றான். துருத்தி கிழியாதிருந்தது. ஷட்டர் மெதுவாக ஆயினும் இயங்கியது. வில்லையின் முகத்திலோ பிறைபோல் வளைந்த ஒரு கீறல், வலப்புற விளிம்பை ஒட்டி ஓடியது.

நகரத்துக் கடை ஒன்றில் காட்டினோம். கடைக்காரர் கீறலைக் கண்ட மாத்திரத்தில், "லென்ஸ் போச்சு. இதே மாடல் வேற ஒண்ணு வாங்கி, அதிலிருந்து கழற்றிப் போடணும்" என்று கூறிவிட்டார். தம்பிக்கும் அது சரியெனப் பட்டது. வெளிநாட்டில் தேடி வாங்கி அனுப்புவதாகச் சொன்னான்.

வீட்டில் இதைக் கூறியபோது உம்மா காட்டிய அவசரந்தான் என்னை வியப்பில் ஆழ்த்தியது. பழைய பொருள் எதையும் எளிதில் கைவிடாதவர் அவர். உடைந்த சட்டுவத்தின் காம்பைக்கூட எடுத்துவைப்பவர், "மாத்திடு தம்பி. அந்தக் கண்ணாடி வேணாம். அதை வீட்டுக்குத் திருப்பிக் கொண்டு வரவும் வேணாம்" என்றார்.

தம்பி ஊர் திரும்பிய பிறகு, ஒரு நாள் அஸருக்குப் பின் தனியாக இருந்த உம்மாவிடம் காரணம் கேட்டேன். அவர் உடனே சொல்லவில்லை. தஸ்பீஹ் மணிகளை உருட்டியபடியே சற்று நேரம் இருந்துவிட்டுச் சொன்னார்.

1960ஆம் ஆண்டு நோன்புப் பெருநாள் முடிந்த வாரம். உம்மாவுக்கு எட்டு வயது. கடற்கரையில் விளையாடிவிட்டு ஓடிவந்த சிறுமி, திண்ணையில் திறந்து வைத்திருந்த காமிராவின் கண்ணாடியில் தூசு படிந்திருக்கக் கண்டு, தந்தைக்கு உதவி செய்வதாக எண்ணித் தன் பாவாடை முந்தியால் அழுத்தித் துடைத்திருக்கிறாள். முந்தியில் கடல் மணல் ஒட்டியிருந்தது. கீறல் விழுந்தது. பாட்டனார் வந்தார். வில்லையை வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு சொல்லும் சொல்லாமல் காமிராவை மூடிப் பெட்டியில் வைத்துவிட்டார். அடுத்த மாதம் கப்பலேறினார். அதன்பின் அவர் காமிராவைத் திறந்து படம் எடுத்ததைத் தாம் பார்த்ததே இல்லை என்றார் உம்மா.

"ஆசையா வாங்கின சாமான். நான்தான் பாழாக்கினேன். அடிச்சிருந்தாக்கூட மறந்திருப்பேன், தம்பி. அவங்க ஒண்ணுமே சொல்லலையே."

அறுபத்து மூன்று ஆண்டுகள் இந்த நினைவை அவர் எவரிடமும் இறக்கி வைக்கவில்லை. உடன்பிறந்த ராத்தாவுக்கும் தெரியாது. என் வாப்பாவுக்கும் தெரியாது. 

கண்ணாடியைப் பார்ப்பதும், கண்ணாடி வழியாகப் பார்ப்பதும்

மதரஸா விடுமுறையின்போது சென்னை சென்றிருந்தேன். பழைய காமிராக்களைச் செப்பனிடும் முதியவர் ஒருவரிடம் ஒரு நண்பர் என்னை அழைத்துச் சென்றார். எழுபதைக் கடந்தவர், ஒற்றை அறையில், ஒரு மேசை விளக்கின் கீழே அவருடைய உலகம். காமிராவை வாங்கியவர் கீறலைப் பெரிதாகப் பொருட்படுத்தவில்லை. ஷட்டரைத் திறந்த நிலையில் நிறுத்தி, பின்னாலிருந்து ஒரு சிறு டார்ச் விளக்கை அடித்து, என்னை முன்னாலிருந்து பார்க்கச் சொன்னார்.

வாசகர்களே, அப்போது கண்டதை நான் எளிதில் மறக்கமாட்டேன். கீறல் ஒரு மெல்லிய மயிர்க்கோடாகத் தெரிந்தது. ஆனால் அதற்கு உட்புறமாக, முதல் கண்ணாடிக்கும் இரண்டாம் கண்ணாடிக்கும் இடையே, சிலந்திவலை போன்ற வெண்ணிழைகளும், பால் சிந்தியது போன்ற மங்கலும் வில்லை முழுதும் பரவிக் கிடந்தன. பூஞ்சணம்! கடற்காற்றின் ஈரமும், மரப்பெட்டியின் இருளும் சேர்ந்து வளர்த்த பயிர் அது. வெளிச்சத்தில் சாதாரணமாகப் பார்க்கும்போது கண்ணுக்குப் புலப்படாதிருந்தது.

"பாய், எல்லாரும் கண்ணாடியைப் பாக்கறாங்க. கண்ணாடி வழியாப் பாக்கணும்" என்றார் பெரியவர்.

பிறகு அவர் ஒரு சோதனை செய்து காட்டினார். காமிராவின் பின்கதவைத் திறந்து, பிலிம் படியும் இடத்தில் டிரேசிங் காகிதம் ஒன்றை இறுக்கமாக ஒட்டினார். எதிர்க் கட்டடத்தின் தண்ணீர்த் தொட்டி தலைகீழாக அதில் விழுந்தது. அடுத்து, மிளகளவு கறுப்புக் காகிதத் துணுக்கை வில்லையின் முகத்தில் ஒட்டிவிட்டு, "இப்ப பாருங்க, படத்துல ஓட்டை தெரியுதா?" என்று கேட்டார். தெரியவில்லை. தொட்டி முழுமையாகவே இருந்தது. பிறகு வில்லையின் பாதியையே விரலால் மறைத்தார். படம் சற்று மங்கியதே அன்றி, பாதியாகவில்லை.

இதனை நீங்களும் வீட்டில் செய்து பார்க்கலாம். ஒரு பூதக்கண்ணாடியால் சன்னலின் உருவத்தை எதிர்ச்சுவரில் விழச்செய்து, கண்ணாடியின் பாதியைத் தாளால் மறையுங்கள். சன்னல் முழுமையாகவே தெரியும். காரணம் எளியது. ஒளிபெற்ற பொருளின் ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் ஒளி எல்லாத் திசைகளிலும் நேர்கோட்டில் செல்கிறது. ஆகவே வில்லையின் ஒவ்வொரு பகுதிக்கும் அப்பொருளின் ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் ஒளி வந்து சேர்கிறது. வில்லையின் ஒரு துண்டு மறைந்தாலும், எஞ்சிய பகுதி முழுப் படத்தையும் தீட்டிவிடுகிறது.

ஒளி இவ்வாறு செல்கிறது என்பதைச் சோதனைகளோடு விரித்துரைத்தவர் நம் அறிஞர் இப்னுல் ஹைஸம் அவர்கள். 11ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் எழுதிய 'கிதாபுல் மனாளிர்' நூலில் இக்கருத்து இடம்பெற்றுள்ளது. அதன் இலத்தீன் மொழிபெயர்ப்பு 1572இல் பாஸல் நகரில் அச்சேறியது. கல்லூரியில் வரலாறு படித்த நாளில் அவருடைய பெயரை மனனம் செய்தவன் நான். அப்பெயருக்குப் பின்னால் இருந்த உண்மையை ஒரு காமிராக் கடையில்தான் கண்ணாரக் கண்டேன்.

கீறலின் கணக்கையும் பெரியவர் போட்டுக் காட்டினார். வில்லையின் குவியத் தொலைவு 75 மில்லிமீட்டர்; ஒளித்துளையின் முழுத்திறப்பு எஃப் 4.5. ஒன்றை மற்றொன்றால் வகுத்தால் திறப்பின் விட்டம் ஏறத்தாழ 16.7 மில்லிமீட்டர், பரப்பு சுமார் 218 சதுர மில்லிமீட்டர். கீறலின் நீளம் 6 மில்லிமீட்டர், அகலம் பத்தில் ஒரு மில்லிமீட்டர் என்று கொண்டால், அது மறைக்கும் பரப்பு 0.6 சதுர மில்லிமீட்டரே. அதாவது ஆயிரத்தில் மூன்று பங்குக்கும் குறைவு! பூஞ்சண மங்கலோ முழுப் பரப்பையும் மூடியிருந்தது. அது ஒளியை மறைப்பதோடு நில்லாமல் நாற்புறமும் சிதறடித்து, படத்தின் கறுமையைச் சாம்பலாக்கிவிடும்.

கீறல் முற்றிலும் நிரபராதி என்றும் அவர் சொல்லிவிடவில்லை. சூரியனை நோக்கிப் படமெடுத்தால், கீறலின் ஓரங்களில் ஒளி பட்டுத் தெறித்து, படத்தின்மேல் ஒரு வெண்திரை விழும். அதற்கு மருந்து இரண்டு. ஒன்று, நுண்ணிய தூரிகையால் கீறலுக்குள் கறுப்பு மை நிரப்புவது. மை தெறிப்பை விழுங்கிவிடும். மற்றொன்று, வில்லையின் முன்னே நிழல் தரும் மறைப்பு ஒன்றை மாட்டுவது. பின்புறக் கண்ணாடியில் கீறல் விழுந்தால் தீமை அதிகம் என்றும், முன்புறக் கண்ணாடியின் கீறல் பெரும்பாலும் பொறுத்துக்கொள்ளத் தக்கதே என்றும் அவர் விளக்கினார்.

மாற்றினால் என்ன?

"அப்படியானாலும் மாற்றிவிட்டால் தொல்லை இல்லையே?" என்று கேட்டேன். உம்மாவின் முகம் என் மனத்தில் நின்றது.

அவர் அலமாரியிலிருந்து உயிரற்ற வேறொரு நெட்டாரை எடுத்தார். அதே பெயர், அதே குவியத் தொலைவு. அதன் முன்கண்ணாடியைக் கழற்றி, எங்கள் காமிராவில் பொருத்தி, டிரேசிங் காகிதத்தில் மீண்டும் தண்ணீர்த் தொட்டியை விழச்செய்தார். வளையத்தை எவ்வளவு திருப்பினாலும் தொட்டியின் விளிம்பு கூர்மையடையவில்லை. மூன்று கண்ணாடிகளும் ஒன்றுக்கொன்று இசைவாகக் கோக்கப்பட்டவை. அவற்றின் வளைவு, தடிமன், இடைவெளி ஆகிய யாவும் சேர்ந்தே படத்தைத் தருகின்றன. மேலும், இத்தகைய காமிராவில் தொலைவுக்கேற்பக் குவியத்தை மாற்றுவதே முன்கண்ணாடி ஒன்றை மட்டும் முன்பின் நகர்த்தித்தான். எனவே அதனை மாத்திரம் வேறொன்றால் மாற்றுவது, நன்றாக நடக்கும் குடும்பத்தில் தலைமகனை மாற்றி வைப்பது போன்றது. மாற்றத்தான் வேண்டுமெனில் மூன்றையும் ஒருசேர மாற்றி, குவியத்தையும் புதிதாக அளந்து நிறுத்த வேண்டும்.

தேய்த்து மெருகேற்றுவதோ அதனினும் கேடானது. ஒளி அலையின் நீளம் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டரில் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு. வில்லையின் வளைவு அதனினும் நுண்ணிய அளவுக்குத் துல்லியமாகக் கடையப்பட்டிருக்கிறது. கீறல் மறையும்வரை கையால் தேய்த்தால் அந்த வளைவே குலைந்துபோகும். கண்ணாடியின்மேல் உள்ள நீலநிற மேற்பூச்சும் அழிந்துவிடும். பூச்சற்ற கண்ணாடிப் பரப்பு ஒவ்வொன்றும் நூற்றில் நான்கு பங்கு ஒளியைத் திருப்பி அனுப்பிவிடக் கூடியது. மூன்று கண்ணாடிகளுக்கு ஆறு பரப்புகள் என்பதை எண்ணிப் பாருங்கள்! 

இந்த மேற்பூச்சின் பின்னாலும் ஒரு வியப்பு உண்டு. மும்மணி வில்லையை வகுத்த அதே டென்னிஸ் டெய்லர், காலப்போக்கில் மேற்பரப்பு நிறம் மாறிக் 'கெட்டுப்போன' பழைய வில்லைகள், புதியவற்றைவிட அதிக ஒளியை உள்ளே விடுகின்றன என்று 1890களில் கண்டறிந்தார். மூப்பு தந்த மெல்லிய படலமே கண்ணாடிக்கு நன்மை செய்திருந்தது! வெற்றிடத்தில் செயற்கையாக அத்தகைய படலம் படியவைக்கும் முறையை ஜெய்ஸ் நிறுவனத்தின் ஸ்மகுலா என்னும் அறிஞர் 1935இல் உருவாக்கினார்.

பெரியவர் என்னை அனுப்புமுன் ஒன்று கேட்டார்: "கீறல் விழுந்த பின்னாடி எடுத்த நெகட்டிவ் எதாச்சும் வீட்ல இருக்கா? இருந்தா, நான் சொல்றதுக்கு அதுவே சாட்சி."

தகரப் பெட்டியில் இருந்த சாட்சி

ஊர் திரும்பியதும் பாட்டனாரின் தகரப் பெட்டியைத் திறந்தேன். கணக்கேடுகளுக்கு அடியில், பழுப்பேறிய உறைகள் இருபத்து மூன்று. ஒவ்வொன்றிலும் ஒரு சுருளின் நெகட்டிவ்கள். உறைகளின்மேல் எழுதியிருந்ததை வீட்டில் எவரும் இதுவரை படித்திருக்கவில்லை. அவை அரபுத் தமிழில் எழுதப்பட்டிருந்தன. தமிழை அரபு எழுத்தில் எழுதும் அந்த வழக்கம் எங்கள் தலைமுறையில் அருகிவிட்டது. ஓதிக்கொடுக்கும் தொழில் எனக்கு அவ்வெழுத்தைப் படிக்கும் பழக்கத்தைத் தந்திருந்தது. அல்ஹம்துலில்லாஹ்!

ஒவ்வோர் உறையிலும் ஹிஜ்ரி ஆண்டும் இடமும் இருந்தன. உம்மா சொன்ன பெருநாள் ஹிஜ்ரி 1379ஆம் ஆண்டினது. அந்த ஆண்டோடு முடிந்த உறைகள் ஒன்பது. எஞ்சிய பதினான்கும் 1380 முதல் 1394 வரையிலானவை. அதாவது 1960 முதல் 1974 வரை. எல்லாவற்றிலும் இடம் 'பினாங்கு' என்றே எழுதியிருந்தது.

சன்னல் வெளிச்சத்தில் ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்தேன். கடை வாசலில் வரிசையாக நிற்கும் ஊழியர்கள், கப்பல் துறை, தலைப்பாகையுடன் அமர்ந்திருக்கும் ஒரு பெரியவர், சைக்கிளோடு நிற்கும் ஓர் இளைஞர். கீறலுக்கு முன் எடுத்தவற்றுக்கும் பின் எடுத்தவற்றுக்கும் கூர்மையில் நான் எந்த வேற்றுமையும் காணவில்லை. வெயிலை நோக்கி எடுத்த இரண்டு படங்களில் மட்டும் வெண்திரை படிந்திருந்தது. கடைசி நான்கு உறைகளில்தான் எல்லாப் படங்களும் சாம்பல் பூத்து மங்கியிருந்தன. பூஞ்சணம் அப்போதே குடியேறத் தொடங்கியிருக்க வேண்டும். படம் அச்சிட்ட தாள்கள் வீட்டில் ஏன் இல்லை என்பதும் விளங்கியது. அவை பினாங்கு நண்பர்களுக்காக எடுக்கப்பட்டவை. அவரவர் தத்தம் வீடுகளுக்கு அனுப்பியிருப்பார்கள்.

உம்மாவை அழைத்துவந்து சன்னலருகே உட்காரவைத்தேன். கண்ணாடி அணிந்துகொண்டு ஒவ்வொரு நெகட்டிவாகப் பார்த்தார்.

"இதெல்லாம் அதுக்குப் பிறகு எடுத்ததா?"

"ஆமாம் உம்மா. பதினான்கு சுருள். கீறலால் ஒன்றும் ஆகவில்லை. அப்பா பதினான்கு ஆண்டுகள் அதே கண்ணாடியால்தான் படம் எடுத்திருக்கிறார்கள்."

அவர் முகம் மலரும் என்று எதிர்பார்த்தேன். மலரத்தான் செய்தது. ஆனால் சற்று நேரத்திற்கெல்லாம் அவர் கேட்ட கேள்விக்கு என்னிடம் விடை இல்லை.

"அப்போ, ஒண்ணும் ஆகலேன்னு ஒரு கடுதாசியில எழுதியிருக்கலாமே, தம்பி?"

பாட்டனார் எழுதிய கடிதங்கள் சிலவற்றை நான் படித்திருக்கிறேன். பணம் அனுப்பிய விவரம், நெல் விலை, ஸகாத் யார் யாருக்குக் கொடுக்க வேண்டும் என்ற குறிப்பு, பிள்ளைகளுக்கு ஸலாம், இவ்வளவே. எட்டு வயதுச் சிறுமி ஒரு கீறலை நெஞ்சில் சுமந்துகொண்டிருப்பாள் என்று அவர் கனவிலும் கருதியிருக்க மாட்டார். சினம் கொள்ளாமல் மௌனமாக இருந்ததையே அவர் பொறுமை என்று எண்ணியிருப்பார். அந்த மௌனத்தை மகள் தண்டனை என்று எடுத்துக்கொண்டாள். 

பெற்றோர்களே, ஆசிரியப் பெருமக்களே! இதனை மட்டும் நெஞ்சில் இருத்துங்கள். குழந்தை ஒரு பொருளைக் கெடுத்துவிட்டால் அடிக்காதிருப்பது நல்லதுதான். ஆனால் அத்தோடு நில்லாமல், "பரவாயில்லை, மகளே" என்று வாய்திறந்து சொல்லிவிடுங்கள். மன்னிப்பு மனத்திற்குள் இருந்தால் குழந்தைக்கு எப்படித் தெரியும்?

செப்பனிட்ட விதம்

மறுமுறை சென்னை சென்றபோது உம்மா தாமே சொன்னார்: "கண்ணாடி அதுவே இருக்கட்டும்."

பெரியவர் வேலையைத் தொடங்கினார். குவிய வளையத்தின் ஓரத்திலுள்ள மூன்று சிறு திருகாணிகளைத் தளர்த்தி வளையத்தைக் கழற்றினார். முன்கண்ணாடியைத் திருகிக் கழற்றுமுன், அது இருந்த நிலையைப் பென்சிலால் குறித்துக்கொண்டார். மரை விட்டுப் பிரியும் இடத்தையும் குறித்தார். அவ்விடம் தெரியாமல் கழற்றுபவர்களே பின்னர் திண்டாடுவர் என்றார். இறுகியிருந்த பழைய கிரீஸைப் பெட்ரோல் துளிகளால் கரைத்தார். ஹைட்ரஜன் பெராக்சைடில் சில துளி அம்மோனியா கலந்து, பஞ்சில் தோய்த்து, அழுத்தாமல் வட்டமாகத் துடைத்தார். பின்னர் காய்ச்சி வடித்த நீர். பின்னர் உலர்ந்த பஞ்சு. வெண்ணிழைகள் அகன்றன. இரண்டு இடங்களில் மட்டும், பூஞ்சணம் மேற்பூச்சை அரித்திருந்த மங்கிய தடம் எஞ்சியது. அது போகாது, போகாவிட்டாலும் தீங்கில்லை என்றார்.

வில்லை மூன்றும் தனித்தனிக் கண்ணாடிகளாதலால் இவ்வாறு கழுவ முடிந்தது. டெஸ்ஸார் போன்ற நான்கு கண்ணாடி வில்லைகளில் பின்னிரண்டும் பிசினால் ஒட்டப்பட்டிருக்கும். அவற்றைக் கரைப்பானில் ஊறவைத்தால் ஒட்டு விட்டுப்போகும், எச்சரிக்கை தேவை.

இறுதியாக, டிரேசிங் காகிதத்தில் தொலைதூரப் பொருளைக் கூர்மையாக விழச்செய்து, அந்நிலையில் வளையத்தின் 'முடிவிலி' குறியை நிறுத்தித் திருகாணிகளை இறுக்கினார். கீறலில் மை நிரப்பினார். கறுப்பு அட்டையால் நானே ஒரு மறைப்புச் செய்தேன்.

ஊரில் பிலிம் போடுமுன் மதரஸாப் பிள்ளைகளுக்கு அந்தக் காகிதத்தில் பள்ளிவாசல் மினாராவைக் காட்டினேன். தலைகீழாக நின்ற மினாராவைக் கண்டு அவர்கள் சிரித்த சிரிப்பு, ஒரு மாதப் பாடத்திற்கு ஈடாகும். பிறகு எடுத்த பன்னிரண்டு படங்களில் பதினொன்று தெளிவாக வந்தன. மறைப்பை மாட்டாமல், மாலை வெயிலுக்கு எதிரே எடுத்த ஒன்றில் மட்டும் வெண்திரை விழுந்தது. உம்மா அந்த ஒன்றைத்தான் கேட்டு வாங்கித் தம் குர்ஆன் ஷரீஃப் வைக்கும் அலமாரியின் கீழ்த்தட்டில் வைத்துக்கொண்டார். ஏனென்று நான் கேட்கவில்லை.

அன்பர்களே! உங்கள் வீட்டிலும் இத்தகைய காமிரா இருந்தால், முதலில் பின்னாலிருந்து விளக்கடித்து வில்லையைச் சோதியுங்கள். இருட்டறையில் துருத்திக்குள் விளக்கை வைத்து, ஊசித்துளை உண்டா என்றும் பாருங்கள். டிரேசிங் காகிதத்தில் படம் விழச்செய்து பாருங்கள். பழைய நெகட்டிவ்கள் இருந்தால் எடுத்துப் பாருங்கள். அதன் பின்னரே மாற்றுவதா, காப்பதா என்று முடிவு செய்யுங்கள். பூஞ்சணத்திற்குத் தோல் உறையும் மூடிய பெட்டியும் மிகவும் உகந்தவை என்பதால், காமிராவை உறையிலிருந்து எடுத்து, ஈரமுறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு, மாதம் ஒருமுறையேனும் திறந்து காற்றுப்படும் இடத்தில் வையுங்கள். தூசு படிந்திருந்தால் முதலில் ஊதுங்கள், அதன்பின் மென்தூரிகை, துணி கடைசியில்தான். இதனை வீட்டுச் சிறுவர் சிறுமியருக்கும் அருகில் அமர்த்திச் சொல்லிக்கொடுங்கள்.